திருமணத்திற்குப் புறம்பான உறவுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

திருமணத்திற்குப் புறம்பான உறவுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் என்பவை, சட்டப்படியோ சமயப்படியோ தம்முள் மணம் செய்துகொள்ளாத இருவரிடையே நிலவும் பாலுறவு, காதலுறவு, கூட்டுவாழ்வு ஆகியவற்றையும், அவற்றில் ஈடுபட்டோரையும், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் சுட்ட ஆங்கில மொழியில் வழங்கும் சொற்கள் ஆகும். இவற்றில் பெரும்பாலானவை இலத்தீன், பழைய பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து திருச்சபைச் சட்டம் வழியாகவும் நீதிமன்றங்கள் வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்தவை. இச்சொற்களுட் பலவற்றை நாளிதழ்கள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றாகப் பயன்படுத்தினாலும், சட்டத்தில் அவை வெவ்வேறு பொருள் கொண்டவை. ஒரு பெண்ணுக்கு வாழ்க்கைப்பொருள் உதவி கிடைக்குமா, ஒரு குழந்தைக்குச் சொத்தில் பங்கு உண்டா, ஒருவர் சிறை செல்ல வேண்டுமா என்பவை எந்தச் சொல் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே பல காலம் முடிவு செய்யப்பட்டு வந்துள்ளன.

அடல்ட்டரி, போர்னிகேசன்

அடல்ட்டரி என்பது திருமணமான ஒருவர் தம் வாழ்க்கைத்துணை அல்லாத வேறொருவருடன் விரும்பிக் கொள்ளும் பாலுறவைக் குறிக்கும். இச்சொல் வளர்ந்தவர் என்னும் பொருள்தரும் அடல்ட் என்ற சொல்லிலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுவர். அது தவறு. இரண்டு சொற்களுக்கும் வேர் வேறு. அடல்ட்டரியின் வேர், கெடுத்தல் அல்லது மாசுபடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லாகும். உணவுக் கலப்படத்தைக் குறிக்கும் அடல்டரேசன் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. பாலில் நீர் கலப்பதையும் குலத்தில் பிறர் குருதி கலப்பதையும் உரோமர்கள் ஒரே சொல்லால் குறித்தனர் என்பது, இக்குற்றம் முதலில் எதைப் பற்றிய அச்சமாக இருந்தது என்பதைக் காட்டுகின்றது. பிரெஞ்சு வழியாக வந்தபோது இச்சொல்லில் டகர ஒலி இல்லை. பிற்காலத்தில் இலத்தீன் கற்றோர் மூலச்சொல்லைப் பின்பற்றி அதனை மீண்டும் சேர்த்தனர்.

போர்னிகேசன் என்பது திருமணமாகாத இருவரிடையிலான பாலுறவைக் குறிக்கும். வளைவு அல்லது கவிகை என்னும் பொருளுடைய போர்னிக்ஸ் என்ற இலத்தீன் சொல்லே இதற்கு அடிப்படை. பண்டைய உரோமில் பரத்தையர் கட்டிட வளைவுகளின் கீழ் வாடிக்கையாளரை எதிர்நோக்கியதால் கட்டிடக்கலைச் சொல் இவ்வாறு ஒழுக்கவியற் சொல்லாயிற்று.

இங்கிலாந்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. குற்றம் செய்தோர் வெள்ளாடை உடுத்துக் கோவிலில் பலர் முன்னிலையில் நின்று மன்னிப்புக் கேட்பது வழக்கமான தண்டனைகளுள் ஒன்றாகும். முடியாட்சி நீக்கப்பட்டிருந்த காலத்தில், 1650-இல், நாடாளுமன்றம் அடல்ட்டரிக்கு மரண தண்டனையும் போர்னிகேசனுக்கு மூன்று மாதச் சிறையும் விதித்துச் சட்டம் இயற்றியது. இச்சட்டத்தில் மணமான பெண் கணவன் அல்லாத ஒருவனுடன் உறவுகொள்வது மட்டுமே அடல்ட்டரி. மணமான ஆண் மணமாகாத பெண்ணுடன் உறவுகொண்டால் அது போர்னிகேசன் மட்டுமே. 1660-இல் முடியாட்சி மீண்டபோது இச்சட்டமும் செல்லாததாயிற்று.

1631-இல் இலண்டனில் அச்சிடப்பட்ட விவிலியப் பதிப்பு ஒன்றில், பத்துக் கட்டளைகளுள் அடல்ட்டரியை விலக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல் விடுபட்டுப்போனது. விலக்கப்பட்டது விதிக்கப்பட்டதாகிவிட்ட இப்பதிப்புக்காக அச்சகத்தாருக்கு 300 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. எஞ்சிய சில படிகள் இன்று அரும்பொருள்களாகப் போற்றப்படுகின்றன.

கிரிமினல் கான்வர்சேசன்

ஆங்கிலச் சட்டச்சொற்களுள் படிப்போரை மிகவும் ஏமாற்றுவது இதுவே எனலாம். குற்ற உரையாடல் என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தோன்றும் இது குற்றவியல் சட்டத்தைச் சேர்ந்ததும் அன்று, உரையாடலும் அன்று. கான்வர்சேசன் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலவழக்கில் பழகுதல், உடன்வாழ்தல், உடலுறவு ஆகிய பொருள்களும் இருந்தன. மனைவியோடு உறவுகொண்ட ஆடவன் மீது கணவன் இழப்பீடு கோரித் தொடுக்கும் உரிமையியல் வழக்கே கிரிமினல் கான்வர்சேசன் ஆகும். செய்தித்தாள்கள் இதனைக் கிரிம் கான் எனச் சுருக்கி எழுதின. விசாரணைகளில் சாட்சி சொன்ன வேலைக்காரர்களின் கூற்றுக்கள் சிறு நூல்களாக அச்சாகி நன்கு விற்பனையாயின.

இவ்வழக்கில் வாதி கணவன்; எதிர்வாதி மற்றொரு ஆண். மனைவி வழக்கின் தரப்பினர் அல்லர். சாட்சி கூறவும் அவருக்கு உரிமை இல்லை. அவரது பெயரும் நடத்தையும் நாட்டுமக்கள் முன் அலசப்படும்போது அவர் பேசாமல் இருக்க வேண்டும். மனைவி மீது கணவனுக்கு உள்ள உரிமை சேதமடைந்ததற்கு விலை கணக்கிடுவதே வழக்கின் நோக்கம். கணவன் தானே உடந்தையாக இருந்தான் என நிறுவினால் இழப்பீடு குறையும் அல்லது மறுக்கப்படும்.

இவ்வகை வழக்குகளுள் பெரும் விளைவுகளை ஏற்படுத்தியது 1836-இல் நடைபெற்ற வழக்காகும். எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் கணவர் ஜார்ஜ் நார்ட்டன், அப்போதைய தலைமை அமைச்சர் மெல்பர்ன் பிரபு மீது 10,000 பவுண்டு கோரி வழக்குத் தொடர்ந்தார். நடுவர்குழு மெல்பர்னுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. மெல்பர்ன் தலைமை அமைச்சராகத் தொடர்ந்தார். கரோலினோ, குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையிலும், தம் மூன்று ஆண் குழந்தைகளைக் காணும் உரிமையை இழந்தார். சட்டப்படி குழந்தைகள் தந்தைக்கே உரியவர்கள். அவர் தொடர்ந்து எழுதிய துண்டறிக்கைகளும் செய்த பரப்புரையும், தாய்க்குச் சிறு குழந்தைகள் மீது உரிமை கோர வழிசெய்த 1839-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முக்கியக் காரணமாயின.

1857-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் கிரிமினல் கான்வர்சேசன் வழக்கை இங்கிலாந்தில் நீக்கியது. ஆனால் மணமுறிவு வழக்கிலேயே மூன்றாம் ஆளிடம் கணவன் இழப்பீடு கேட்கும் வழி 1970 வரை இருந்தது. அம்மூன்றாம் ஆளைக் குறிக்கக் கோ-ரெஸ்பாண்டன்ட் என்ற சொல் வழங்கியது. உடன்-எதிர்மனுதாரர் என்பது இதன் பொருள். செய்தியாளரைக் குறிக்கும் கரஸ்பாண்டன்ட் என்ற சொல்லோடு இது குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு. 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனைவியின் அடல்ட்டரி ஒன்றே கணவனுக்கு மணமுறிவு பெறப் போதுமானது; மனைவியோ கணவனின் அடல்ட்டரியோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். இவ்வேறுபாடு 1923-இல் நீங்கியது. 2022 ஏப்பிரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமுறிவுக்கு எவரது தவற்றையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பதால், அடல்ட்டரி என்ற சொல்லுக்கு அங்கு மணமுறிவுச் சட்டத்தில் இருந்த இடம் இல்லாமற் போயிற்று. அயர்லாந்தில் கிரிமினல் கான்வர்சேசன் வழக்கு 1981 வரை நீடித்தது. ஐக்கிய அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் இன்றும் இவ்வழக்கைத் தொடுக்க முடியும்.

ஆட்களைக் குறிக்கும் சொற்கள்

மிஸ்ட்ரஸ் என்பது தலைவன் என்னும் பொருளுடைய மாஸ்டர் என்ற சொல்லின் பெண்பால் ஆகும். வீட்டையோ பணியாளரையோ ஆளும் பெண் என்பதே இதன் முதற்பொருள். பள்ளி ஆசிரியையும் மிஸ்ட்ரஸ்தான். மணமான ஆணின் மறைமுகத் துணைவி என்ற பொருள் பின்னர் ஏற்பட்டு மற்றப் பொருள்களைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. மாஸ்டர் என்ற சொல்லுக்கு இத்தகைய வீழ்ச்சி எதுவும் நேரவில்லை. மணமான பெண்ணுக்கு முன்னொட்டாக வரும் மிசஸ், மணமாகாதவருக்கு வரும் மிஸ் ஆகிய இரண்டும் மிஸ்ட்ரஸ் என்பதன் சுருக்கங்களே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் தம் ஆசிரியையை மிஸ் என விளிக்கும்போது வழங்குவதும் இச்சொல்லின் பழைய மதிப்புக்குரிய பொருளே ஆகும்.

கான்கியூபைன் என்பது உடன்கிடப்பவள் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மிஸ்ட்ரசிலிருந்து இது வேறுபட்டது. உரோமச் சட்டத்தில் மணம்செய்ய இயலாத தகுதி வேறுபாடு உடையோரிடையே வெளிப்படையாக நிலவிய, ஏற்றுக்கொள்ளப்பட்ட உறவு இது. விவிலியத்தில் வரும் அரசர்களின் துணைவியரையும் சீனப் பேரரசர்களின் அந்தப்புரப் பெண்களையும் குறிக்க இச்சொல்லே ஆளப்படுகின்றது. மறைவு என்பது இதன் பொருளில் இல்லை.

பாரமோர் என்ற சொல் காதலால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்தது. நடுக்கால ஆங்கிலத்தில் இயேசுவையும் கன்னி மரியாளையும் கூட அடியார்கள் இச்சொல்லால் அழைத்துள்ளனர். இன்று இது பெரும்பாலும் நீதிமன்ற ஆவணங்களிலும் குற்றச் செய்திகளிலும் மட்டுமே காணப்படுகின்றது. இந்திய ஆங்கில நாளிதழ்கள் இதனை இன்னும் விடவில்லை.

கக்கோல்ட் என்பது மனைவியால் ஏமாற்றப்பட்ட கணவனைக் குறிக்கும். பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கக்கூ என்ற ஐரோப்பியப் பறவையின் பெயரிலிருந்து இது வந்தது. நம் குயிலும் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதே. ஆயினும் தமிழ் மரபு அதன் குரலை மட்டுமே நினைவிற் கொண்டது. கூட்டில் முட்டையிடும் பறவை மாற்றான் என்பதால் இப்பெயர் அவனுக்கே பொருந்தியிருக்க வேண்டும். ஆங்கிலமோ கூட்டின் உரிமையாளனுக்கு அதைச் சூட்டியது. கணவனால் ஏமாற்றப்பட்ட மனைவியைக் குறிக்க கக்குவீன் என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டுப் பின்னர் வழக்கொழிந்தது.

அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்கும் அஃபயர் என்பது செய்யவேண்டியது என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். அலுவலையும் குறிக்கும் பொதுச்சொல்லாகையால் கண்டனம் தொனிக்காமல் பேச இது உதவுகின்றது. சீட்டிங் என்ற சொல்லோ வாரிசின்றிப் போன நிலம் மேலாண்டைக்கு மீளுவதைக் குறித்த எஸ்சீட் என்ற சட்டச்சொல்லின் சிதைவு. அதனைச் செயற்படுத்திய அலுவலர்கள் பெற்றிருந்த கெட்ட பெயரே ஏமாற்றுதல் என்ற பொருளைத் தந்தது.

சேர்ந்து வாழ்தல்

கோஹேபிட்டேசன் என்பது மணம் செய்யாமல் இணையராக ஒரே வீட்டில் வாழ்வதைக் குறிக்கும் நடுநிலையான சொல். இந்திய ஆங்கிலத்தில் லிவ்-இன் ரிலேசன்சிப் என்பதே பெருவழக்கு. இவற்றோடு காமன் லா மேரேஜ் என்ற சொல்லைக் கலந்துவிடக் கூடாது. கொலராடோ, டெக்சாசு முதலிய சில அமெரிக்க மாநிலங்களில் சடங்கோ பதிவோ இல்லாமல், கணவன் மனைவியாக வாழ உடன்பட்டு அவ்வாறே ஊரறிய வாழ்வோர் சட்டப்படி மணமானவர்களே. அங்கு இது திருமணத்திற்குப் புறம்பான உறவே அன்று. பிரிய வேண்டுமானால் மணமுறிவு பெற வேண்டும். இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்குப் பின் இத்தகைய நிலை எதுவும் இல்லை. ஆயினும் சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால் மனைவியின் உரிமைகள் தாமே வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கு இன்றும் பரவலாக உள்ளது. துணைவர் இறந்த பின்போ பிரிந்த பின்போதான் பலர் உண்மையை அறிகின்றனர்.

பாலிமொனி என்பது தோழன் என்னும் பொருளுடைய பால் என்ற பேச்சுவழக்குச் சொல்லையும், மணமுறிவுக்குப் பின் தரப்படும் வாழ்க்கைப்பொருள் உதவியைக் குறிக்கும் அலிமொனி என்ற சொல்லையும் ஒட்டி ஆக்கப்பட்டது. ஆலிவுட் நடிகர் லீ மார்வினுடன் மணமின்றி வாழ்ந்த பெண் தொடுத்த வழக்கில், இத்தகைய இணையர் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் செல்லும் எனக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. 1979-இல் அவருக்கு 104,000 டாலர் வழங்க ஆணையிடப்பட்டது. 1981-இல் மேல்முறையீட்டில் அதுவும் நீக்கப்பட்டது. வழக்காடியவருக்குப் பணம் கிடைக்கவில்லை. மொழிக்கு ஒரு சொல் கிடைத்தது.

இச்சொற்கள் அனைத்தும் ஒருங்கே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இடம்பெற்றன. கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு பெண் தம்மை மணந்து கைவிட்டதாக ஒருவர் மீது வாழ்க்கைப்பொருள் உதவி கோரினார். கோரிய தொகை மாதம் 500 ரூபாய். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2010 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் அளித்த தீர்ப்பு, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வரும் திருமணத்தின் தன்மையுடைய உறவு என்ற தொடருக்கு விளக்கம் தந்தது. இருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவி போல் நடந்திருக்க வேண்டும். மணவயதும் மணம்செய்யும் தகுதியும் உடையவராய் இருக்க வேண்டும். விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இந்நிபந்தனைகளைக் காமன் லா மேரேஜ் என்ற கருத்திலிருந்து நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதற்கு மேற்கோளாகக் காட்டியது விக்கிப்பீடியாவின் ஆங்கிலக் கட்டுரையை. பாலிமொனி வழக்கும் தீர்ப்பில் பேசப்பட்டது. பொருள் கொடுத்துப் பாலுறவுக்காகவோ பணிக்காகவோ ஒருவன் வைத்திருக்கும் பெண்ணுக்கு இப்பாதுகாப்பு இல்லை என்றும் கூறிய தீர்ப்பு, அப்பெண்ணைக் குறிக்கக் கீப் என்ற சொல்லை ஆண்டது. வைத்திருத்தல் என்னும் வினையையே பெயராக்கிய இவ்விந்திய ஆங்கிலச் சொல் பெண்ணைப் பொருளாகக் காட்டுவதாக, அப்போது கூடுதல் அரசுத் தலைமை வழக்குரைஞராக இருந்த இந்திரா செய்சிங் நீதிமன்றத்திலேயே கண்டனம் தெரிவித்தார்.

2013-இல் மற்றொரு வழக்கில், மணமானவர் என அறிந்தே ஒருவருடன் பல ஆண்டுகள் வாழ்ந்த பெண்ணுக்கு மேற்கண்ட சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. கூடவே, இத்தகைய பெண்களும் குழந்தைகளும் வறுமைக்கு ஆளாவதைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. வயதுவந்த இருவர் மணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என்பது, 2005-இல் தெரிவித்த கருத்துக்களுக்காக நடிகை குஷ்பு மீது தொடுக்கப்பட்ட 23 புகார்களை நீக்கிய 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தெளிவாக்கப்பட்டது. உத்தராகண்டம் மாநிலத்தில் 2025 சனவரி 27 முதல் இத்தகைய உறவுகளைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

குழந்தைகள்

பாஸ்டர்ட் என்பது இன்று வசைச்சொல். முன்னர் இது சட்டச்சொல். இங்கிலாந்தை 1066-இல் வென்ற வில்லியம், வெற்றியாளர் எனப் பெயர்பெறும் முன் இவ்வடைமொழியாலேயே அறியப்பட்டார். ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இத்தகைய குழந்தை எவருக்கும் மகன் அல்லாதவன். எனவே எவரது சொத்துக்கும் வாரிசு ஆக முடியாது. அரசர்களின் புறமணப் பிள்ளைகளுக்கு மட்டும் பிட்ஸ்ராய் போன்ற குடும்பப் பெயர்கள் கிடைத்தன. அரசன் மகன் என்பது இதன் பொருள். பின்னர் வந்த இல்லெஜிடிமேட் என்ற மென்சொல்லும் சட்டத்துக்குப் புறம்பானவர் என்ற பழியைக் குழந்தையின் மீதே ஏற்றியது. பெற்றோர் பின்னர் மணந்தால் குழந்தை சட்டமுறைத் தகுதி பெற 1926-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் வேறுபாட்டைப் பெரும்பாலும் நீக்கியது. இந்தியாவில் செல்லாத இந்துத் திருமணங்களில் பிறந்த குழந்தைகள், கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பெற்றோருக்கு உரிய பங்கிலும் உரிமையுடையவர்கள் என 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழாக்கம்

அடல்ட்டரிக்குத் தமிழில் பிறன்மனை விழைதல் எனப் பலர் எழுதுகின்றனர். திருக்குறளில் பிறனில் விழையாமை என ஓர் அதிகாரம் உள்ளமையால் இது பழகிய தொடராகத் தோன்றும். ஆயினும் இது மற்றொருவனின் மனைவியை ஓர் ஆண் விரும்புவதை மட்டுமே குறிப்பதால் ஆங்கிலச் சொல்லின் முழுப் பொருளைத் தராது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவுக்கு மட்டும் இது ஆங்கிலச் சொல்லைவிட நன்றாகப் பொருந்தியது. அப்பிரிவின்படி பிறன் மனைவியோடு, அக்கணவனின் இசைவின்றி உறவுகொண்ட ஆணே குற்றவாளி. ஐந்து ஆண்டு வரை சிறை. பெண்ணுக்குத் தண்டனை இல்லை. கணவன் தவறினால் புகார் செய்யும் உரிமையும் இல்லை. கணவன் இசைந்தால் குற்றமே இல்லை. மெக்காலேயின் 1837-ஆம் ஆண்டு வரைவில் இப்பிரிவு இடம்பெறவில்லை. 1954-இலும் 1985-இலும் செல்லும் எனப்பட்ட இது, மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதுவதாகக் கூறப்பட்டு 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வால் நீக்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்திலும் இக்குற்றம் இல்லை. மணமுறிவுக்குக் காரணமாக மட்டும் அடல்ட்டரி தொடர்கின்றது. இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அடல்ட்டரி தொடக்கத்திலிருந்தே குற்றமாக்கப்படவில்லை. அங்கும் அது மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்று.

தமிழ் விவிலியம் அடல்ட்டரியை விபசாரம் எனவும், போர்னிகேசனை வேசித்தனம் எனவும் பெயர்த்தது. பின்னர் விபசாரம் என்ற சொல் பணத்துக்காகச் செய்யப்படும் பாலியல் தொழிலைக் குறிக்கலாயிற்று. எனவே பழைய மொழிபெயர்ப்பைப் படிக்கும் இன்றைய மாணவர் பொருளைத் தவறாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. அகத்திணை மரபின் களவு என்ற சொல்லை இங்குப் பயன்படுத்துவது பொருந்தாது. அது கற்பு எனப்படும் மணவாழ்வுக்கு முந்திய காதல் ஒழுக்கம். எவருக்கும் இழைக்கப்படும் துரோகம் அன்று. கான்கியூபைனுக்குக் காமக்கிழத்தி ஓரளவு நெருங்கி வரும். மிஸ்ட்ரசுக்குப் பேச்சுவழக்கில் வைப்பாட்டி, சின்ன வீடு ஆகியவை உள்ளன. ஆணைக் குறிக்க இவற்றுக்கு இணையான சொல் தமிழிலும் இல்லை.

நாளிதழ்களில் நெடுங்காலமாக வழங்கும் கள்ளக்காதல் என்ற சொல் அடல்ட்டரி, அஃபயர், பாரமோர், லிவ்-இன் ஆகிய அனைத்துக்கும் ஒன்றாக ஆளப்படுவதால், மணமாகாத இருவர் சேர்ந்து வாழ்ந்த செய்தியிலும் குற்றம் நடந்ததான தோற்றம் ஏற்படுகின்றது. அண்மைக்காலத்தில் திருமணம் கடந்த உறவு என்ற தொடர் அடல்ட்டரி, அஃபயர் ஆகியவற்றுக்கும், சேர்ந்து வாழ்தல் என்ற தொடர் கோஹேபிட்டேசனுக்கும் தனித்தனியாகப் பயன்படத் தொடங்கியுள்ளன. பாலிமொனிக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. கட்டுரைகளில் அது ஒலிபெயர்த்தே எழுதப்படுகின்றது.